பசித்த பயிரே நஞ்சை உண்ணும்

தீனி போதாத மாடு வேலியோரத்து எருக்கையும் முகர்ந்து பார்க்கும். வயிறு நிறைந்த மாடு அந்தப் பக்கமே திரும்பாது. பயிரின் கதையும் ஏறக்குறைய இதுதான். மண்ணில் தனக்கு வேண்டிய தாதுச் சத்து குறைந்துவிட்டால், அதே சாயலுள்ள வேறொரு பொருளைப் பயிர் உறிஞ்சிக் கொள்கிறது. அது சத்தா, நஞ்சா என்று பிரித்தறிய வேருக்கு வழியில்லை. அணு உலை விபத்தும் அணுகுண்டுச் சோதனையும் நடந்த நாடுகளின் வயல்கள் உலகுக்குக் கற்றுத் தந்த பாடம் இது.

கதிர்வீச்சு என்றாலே அது விஞ்ஞானிகள் கவலைப்பட வேண்டிய விஷயம் என்று விவசாயிகள் ஒதுங்கி விடுவது வழக்கம். ஆனால் அணு உலையிலிருந்து புகையாகக் கிளம்பும் நஞ்சு காற்றோடு வந்து, மழையோடு இறங்குவது புல்லிலும் வயலிலும்தான். அங்கிருந்து பாலுக்கும் தானியத்துக்கும், பிறகு அவற்றை உண்பவரின் உடம்புக்கும் அது போய்ச் சேருகிறது. அந்த வழியை அடைத்ததில் பெரும் பங்கு வகித்தவை அபூர்வ மருந்துகள் அல்ல. உரக்கடையில் கிடைக்கும் பொட்டாஷும், வயலில் இடும் சுண்ணாம்பும், அயோடினும்தான்.

தாதுச் சத்துகள் உயிர்களைக் கதிர்வீச்சின் கேட்டிலிருந்து காக்கும் என்பது உண்மை. ஆயினும் எந்தச் சத்து, எந்த இடத்தில், எந்த நேரத்தில் காக்கும் என்று தெரியாமல் பேசினால் அது லேகிய வியாபாரமாகி விடும். ஆபத்து வருமுன்பே மண்ணிலும் தீவனத்திலும் உணவிலும் குறையில்லாமல் நிறைத்து வைப்பதே மெய்யான பாதுகாப்பு. அந்தச் செலவைச் சிறு விவசாயியின் தலையில் கட்டாமல் அரசாங்கமே ஏற்க வேண்டும் என்பதையும் அதே நாடுகளின் அனுபவம் சொல்கிறது.

மூன்று போலிகள்

அணு உலை உடைந்தால் பலவகைக் கதிரியக்கப் பொருள்கள் வெளியே வருகின்றன. அவற்றில் விவசாயத்தைப் பெரிதும் பாதிப்பவை மூன்று: அயோடின்-131, ஸ்ட்ரான்சியம்-90, சீசியம்-137.

இம்மூன்றும் போலிகள். கதிரியக்க அயோடின், உடம்புக்கு வேண்டிய சாதாரண அயோடினைப் போலவே நடந்து கொள்ளும். அது கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பியில் போய் உட்காரும். ஸ்ட்ரான்சியம் சுண்ணாம்புச் சத்தைப் போன்றது, எலும்பில் தங்கும். சீசியம் சாம்பல் சத்தைப் போன்றது, தசையெங்கும் பரவும். வீட்டுக்கு உரியவன் இருக்க வேண்டிய இடத்தில் அவன் சட்டையைப் போட்டுக் கொண்டு மற்றொருவன் நுழைவதைப் போன்றது இது.

இவை எவ்வளவு காலம் இருக்கும்? அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகும். மூன்று மாதத்தில் ஏறக்குறைய மறைந்து விடும். ஸ்ட்ரான்சியம்-90 பாதியாகச் சுமார் 29 ஆண்டுகளும், சீசியம்-137 பாதியாகச் சுமார் 30 ஆண்டுகளும் ஆகும். முன்னது சில வாரத்துத் தொல்லை. பின்னவை இரண்டும் தகப்பன் காலத்தில் நிலத்தில் விழுந்து பேரன் காலத்திலும் இருப்பவை.

ஆகவே போலியைத் தடுக்கும் வழி ஒன்றே: உரியவன் முன்னதாகவே வீட்டில் இருக்க வேண்டும். ஆனால் அந்த ‘வீடு’ ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் இடத்தில் இருக்கிறது. அயோடினுக்கு அது மனித உடம்பு. சுண்ணாம்புச் சத்துக்கு மண்ணும் மாட்டுத் தீவனமும். சாம்பல் சத்துக்கு அது மண் மட்டுமே. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக் கொண்டு மேலே பார்க்க வேண்டும்.

பால் வழியே வந்த கேடு

1986 ஏப்ரல் 26-ந் தேதி, அப்போது சோவியத் நாட்டைச் சேர்ந்த உக்ரைனில், செர்னோபில் அணுமின் நிலையத்தின் நான்காவது உலை வெடித்தது. விபத்து நடந்ததை சோவியத் அரசு உலகுக்கு அறிவித்தது 28-ந் தேதி மாலையில்தான். அதற்குள் சுவீடன் நாட்டுக் கருவிகள் காற்றில் நஞ்சு இருப்பதைக் காட்டிக் கொடுத்து விட்டன.

அது வசந்த காலம். குளிர்காலம் முழுவதும் கொட்டிலில் நின்ற பசுக்களைப் புதுப் புல் மேய்ச்சலுக்கு விடும் சமயம். புல்லில் விழுந்த அயோடின் பசுவின் வயிற்றுக்குப் போய், பாலில் இறங்கியது. கிராமத்துக் குழந்தைகள் வழக்கம்போல் அந்தப் பாலைக் குடித்தார்கள். வேண்டாமென்று சொல்ல உரிய நேரத்தில் ஆள் இல்லை. குழந்தையின் தைராய்டு சுரப்பி சிறியது. பாலோ அது அதிகம் குடிப்பது. ஆகவே கேடு அங்கேதான் குவிந்தது. பெலாரஸ், உக்ரைன், ரஷ்யாவின் சில பகுதிகள் ஆகியவற்றில் விபத்தின்போது குழந்தைகளாகவும் வளரிளம் பருவத்தினராகவும் இருந்தவர்களிடம் 2005-ம் ஆண்டுக்குள் 6,000-க்கு மேற்பட்ட தைராய்டு புற்று நோய்கள் கண்டறியப்பட்டன. அவற்றில் பெரும்பகுதிக்கு அந்தப் பால்தான் காரணம் என்று ஐக்கிய நாடுகள் சபையின் விஞ்ஞானக் குழு கருதியது. பெரும்பாலோர் சிகிச்சையால் பிழைத்தனர் என்பது ஒன்றே ஆறுதல்.

அண்டை நாடான போலந்து என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். அங்கே ஏப்ரல் 29-ந் தேதியே குழந்தைகளுக்கு அயோடின் மருந்து கொடுக்கத் தொடங்கி விட்டார்கள். சில நாட்களில் சுமார் 1 கோடியே 5 லட்சம் குழந்தைகளும் 70 லட்சம் பெரியவர்களும் அதைப் பெற்றனர். கறவை மாடுகளுக்குப் பசும்புல் போடக் கூடாது என்று தடை விதித்தார்கள். சிறு குழந்தைகளுக்குப் பால் பவுடர் வழங்கினார்கள். தைராய்டு சுரப்பியில் நல்ல அயோடின் நிறைந்து விட்டால் போலி அயோடினுக்கு அங்கே இடம் இருப்பதில்லை. மருந்து, தீவனம், பால் மூன்றையும் ஒரே சமயத்தில் கவனித்ததே போலந்தின் சிறப்பு.

இதைவிட முக்கியமான செய்தி 2005-ம் ஆண்டில் வந்தது. பெலாரசிலும் ரஷ்யாவிலும் நடந்த ஆய்வு ஒன்றில், உணவில் அயோடின் குறைவாக உள்ள வட்டாரத்துக் குழந்தைகளுக்கு, அதே அளவு கதிர்வீச்சு மற்ற வட்டாரங்களைவிட மூன்று மடங்கு ஆபத்தை உண்டாக்கியது தெரிந்தது. விபத்துக்குப் பிறகு சாதாரண அயோடின் கொடுக்கப்பட்ட குழந்தைகளிடம் ஆபத்து மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. பசித்த சுரப்பி நஞ்சை அதிகம் தேடியது என்பதே இதன் பொருள்.

மண்ணே முதல் காவல்

அயோடின் சில வாரங்களில் மறைந்த பிறகு, சீசியமும் ஸ்ட்ரான்சியமும் நிலத்தில் நின்றன. இங்கேதான் விவசாயியின் வேலை தொடங்கியது.

ஒரே அளவு சீசியம் விழுந்த இரண்டு வயல்களில் விளைச்சல் ஒரே அளவு நஞ்சோடு வருவதில்லை. களிமண் நிலத்தில் சீசியம் மண் துகள்களின் இடுக்கில் இறுகப் பிடித்துக் கொள்ளும். வேருக்கு அவ்வளவாகக் கிடைக்காது. மணற்பாங்கான நிலத்திலும், செடி கொடிகள் அழுகிப் படிந்த சதுப்பு நிலத்திலும் பிடிப்பு இல்லை. அங்கே சீசியம் தாராளமாகப் பயிருக்கு ஏறும். உக்ரைனின் ரிவ்னே மாநிலம் செர்னோபிலிலிருந்து சுமார் 200 கிலோ மீட்டர் தள்ளியுள்ளது. அங்கே விழுந்த நஞ்சு, உலைக்கு அருகே விழுந்ததைப் போல் அதிகமில்லை. ஆனால் அந்த மண் சதுப்பு மண். அதனால் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அங்கே பாலில் சீசியம் வரம்பை மீறிக் கொண்டிருந்தது. விழுந்தது எவ்வளவு என்பதோடு, விழுந்த மண் எப்படிப்பட்டது என்பதையும் கேட்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

இதைச் சரி செய்ய பெலாரஸ், உக்ரைன், ரஷ்ய விவசாய நிபுணர்கள் கையாண்ட முறைகள் எந்த விவசாயிக்கும் புரியக் கூடியவை. அமில மண்ணுக்குச் சுண்ணாம்பு இட்டார்கள். அதனால் பயிரில் ஏறும் நஞ்சு ஒன்றரை மடங்கு முதல் மூன்று மடங்கு வரை குறைந்தது. சாம்பல் சத்தைக் கூட்டி இட்டார்கள். அதனால் சீசியம் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறைந்தது. பழைய மேய்ச்சல் நிலங்களை ஆழ உழுது, சுண்ணாம்பும் உரமும் இட்டு, புதுப் புல் விதைத்த இடங்களில் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு மடங்கு வரை குறைந்தது.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தழைச் சத்தை மட்டும் அள்ளிக் கொட்டினால் சீசியம் பயிரில் கூடும். அம்மோனியா வடிவத்தில் உள்ள தழைச் சத்து, களிமண் இடுக்கில் கிடக்கும் சீசியத்தைக் கிளப்பி விடுகிறது. ஆகவே தழைச் சத்து 1 பங்கு என்றால் மணிச் சத்து ஒன்றரைப் பங்கு, சாம்பல் சத்து 2 பங்கு என்ற அளவில் இடும்படி அங்கே பரிந்துரைத்தார்கள். பாதிக்கப்பட்ட அந்த நிலங்களுக்கென்று வகுத்த கணக்கு அது. எல்லா ஊருக்கும் பொருந்தாது. ஆயினும் யூரியாவை மட்டும் நம்பிச் சாகுபடி செய்தால் மண் ஒருபக்கமாகச் சாய்ந்து விடும் என்ற பழைய பாடத்தை அது புது வகையில் உறுதிப்படுத்துகிறது.

மற்றொரு செய்தி மனத்தை வருத்துவது. அந்த ஊர்க் குடியானவர்கள் காலங்காலமாக விறகடுப்புச் சாம்பலைத் தோட்டத்துக்கு இட்டு வந்தவர்கள். ஆனால் காட்டு மரத்தில் ஏறிய சீசியம் சாம்பலில் பல மடங்கு செறிந்து நின்றது. மண்ணுக்கு ஊட்டம் என்று நினைத்து இட்டதே நஞ்சைக் கொண்டு வந்து சேர்த்தது. நஞ்சேறிய புல்லைத் தின்ற மாட்டின் எருவும் அவ்வாறே. பாதிப்பு இல்லாத ஊரில் சாம்பலும் தொழுவுரமும் இன்றும் நல்ல உரங்களே. பாதிப்பு ஏற்பட்ட ஊரில் மட்டும், வெளியிலிருந்து வந்த சுத்தமான உரமே நம்பத் தகுந்தது. அதைக் கொண்டு வந்து கொடுப்பது தனி விவசாயியால் ஆகிற காரியமா என்பதுதான் கேள்வி.

தென்னையில் கண்ட பலன்

பொட்டாஷின் வலிமையைத் தெளிவாகக் காட்டிய இடம் பசிபிக் கடலில் உள்ள பிகினித் தீவு. 1946 முதல் 1958 வரை அமெரிக்கா அங்கே 23 அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தது. அதற்காக 1946-ல் தீவுவாசிகள் 167 பேரும் வெளியேற்றப்பட்டனர். பின்னாளில் சிலர் திரும்பி வந்து குடியேறினார்கள், தென்னை நட்டார்கள். ஆனால் அவர்கள் உடம்பில் சீசியம் ஏறுவது தெரிந்து 1978-ல் மறுபடியும் வெளியேற்றப்பட்டனர்.

காரணம் மண்தான். பவளம் நொறுங்கிய மணல் அது. களிமண் இல்லை, சாம்பல் சத்தும் மிகக் குறைவு. தென்னையோ சாம்பல் சத்துக்குப் பெரும்பசி கொண்ட மரம். கிடைக்காத சாம்பல் சத்துக்குப் பதிலாக அது சீசியத்தை இளநீரிலும் தேங்காயிலும் ஏற்றியது.

தீவின் மேல்மண் முழுவதையும் வாரிக் கொட்டி விடலாம் என்ற யோசனை எழுந்தது. ஆனால் மேல்மண் போனால் தோப்பும் போகும், தீவின் வளமும் போகும். அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தார் மரங்களுக்குப் பொட்டாசியம் குளோரைடு உரத்தை இட்டுப் பார்த்தனர். தேங்காயில் சீசியம் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத் தணிந்தது. மண்ணில் சீசியம் இருக்கிறது. மரம் அதை எடுக்கவில்லை. 1998-ல் சர்வதேச அணுசக்தி முகமை வெளியிட்ட அறிக்கை, வீடுகளைச் சுற்றிய மண்ணை அகற்றுவதோடு தோப்புகளுக்குப் பொட்டாஷ் இடுவதே ஏற்ற வழி என்று பரிந்துரைத்தது. இருந்தும் தீவுவாசிகள் இன்னமும் வேற்றிடங்களில்தான் வாழ்கின்றனர். வழி தெரிவது ஒன்று. அதை நிறைவேற்ற நம்பிக்கையும் பணமும் வேண்டும் என்பது இன்னொன்று.

ஜப்பானின் நெல் மூட்டைகள்

2011 மார்ச் 11-ந் தேதி ஏற்பட்ட நில நடுக்கமும் கடல் கொந்தளிப்பும் ஜப்பானின் புகுஷிமா அணுமின் நிலையத்தைத் தாக்கின. அந்த ஆண்டு அறுவடையில் சில ஊர்களின் அரிசியில் சீசியம் அப்போதைய வரம்பான கிலோவுக்கு 500 பெக்கரலையும் தாண்டியது. ஒரு வினாடியில் ஓர் அணு சிதைந்தால் அது 1 பெக்கரல் எனப்படும். 2012 ஏப்ரல் முதல் வரம்பை 100 பெக்கரலாக அரசு இறக்கியது.

எந்த வயலின் நெல்லில் சீசியம் அதிகம் என்று ஆராய்ந்தபோது, பயிருக்குக் கிடைக்கக் கூடிய சாம்பல் சத்து மண்ணில் குறைந்த வயல்களே முன்னால் நின்றன. எனவே 100 கிராம் மண்ணில் இந்தச் சாம்பல் சத்து 25 மில்லி கிராம் இருக்கும்படி நிலத்தைத் தயாரிக்க வேண்டும் என்று விதி வகுத்தார்கள். மண்ணைப் பரிசோதித்து, குறைந்த இடத்தில் பொட்டாஷ் இட்டார்கள். அத்துடன் நில்லாமல், 2012 அறுவடை முதல் அம்மாநிலத்தில் விளைந்த அரிசி மூட்டைகள் அனைத்தையும் கருவியில் வைத்துச் சோதித்தார்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு கோடி மூட்டைகள். வரம்பை மீறியவை 2012-ல் 71 மூட்டைகள், 2013-ல் 28, 2014-ல் 2. 2015 அறுவடையில் ஒன்றுகூட இல்லை.

நெல் விவசாயிக்கு இதில் கூடுதலான ஒரு படிப்பினை உண்டு. நெற்பயிர் எடுக்கும் சாம்பல் சத்தில் பெரும்பகுதி வைக்கோலில்தான் இருக்கிறது. ஆண்டுதோறும் வைக்கோலை வயலைவிட்டுக் கொண்டு போய், ஈடாக எருவோ பொட்டாஷோ இடாமல் விட்டால் அந்த வயல் மெல்ல மெல்லப் பசிக்கிறது. பசி வெளியே தெரிவதில்லை. ஓர் ஆபத்து வரும் நாளில்தான் தெரிகிறது.

மாட்டுக்கு நீல மருந்து

மலைக்காட்டு மேய்ச்சலுக்குச் சுண்ணாம்பும் உரமும் இட முடியாது. அங்கே நஞ்சை மாட்டின் குடலிலேயே தடுக்க வேண்டியிருந்தது. இதற்கு உதவியது மை, வர்ணம் ஆகியவற்றில் சேர்க்கும் ‘பிரஷ்யன் நீலம்’ என்ற இரும்புச் சேர்மம். அது குடலில் சீசியத்தைப் பிடித்துக் கொண்டு சாணத்தோடு வெளியேறி விடும். இரத்தத்தில் சேர விடாது.

நார்வே நாட்டில் மலையில் மேயும் ஆடுகளும் பனிமான்களும் நக்கும் உப்புக் கட்டியில் இதைச் சேர்த்து வைத்தார்கள். பெலாரசிலும் உக்ரைனிலும் கறவை மாட்டின் தீவனத்தில் கலந்தார்கள். இரைப்பையில் தங்கி மெல்லக் கரையும் பெரிய உருண்டையாகவும் கொடுத்தார்கள். கொடுக்கும் முறைக்கு ஏற்ப, பாலில் சீசியம் இரண்டு மடங்கு முதல் பத்து மடங்கு வரை குறைந்தது. 1987-ல் பிரேசில் நாட்டின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட மருத்துவக் கருவியிலிருந்து சீசியம் சிதறியபோது, பாதிக்கப்பட்டவர்களில் 46 பேருக்கு இதே மருந்தைக் கொடுத்தார்கள். மருந்துக்கென்று தயாரித்ததைத்தான் கொடுக்க வேண்டும். வர்ணக் கடை நீலத்தை மாட்டுக்கோ மனிதனுக்கோ கொடுப்பது பேராபத்து.

ஸ்ட்ரான்சியத்துக்கு எதிரே சுண்ணாம்புச் சத்து நிற்கிறது. தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்த பசுவுக்கு அதைக் கூட்டினால், பாலில் இறங்கும் ஸ்ட்ரான்சியம் குறைகிறது. தாது உப்புக் கலவை சினை பிடிக்கவும் கறவை கூடவும் மட்டும் அல்ல என்பது இதிலிருந்து விளங்கும்.

டானிக் அல்ல

இவ்வளவையும் கேட்டபின், தாது மாத்திரை வாங்கி விழுங்கினால் கதிர்வீச்சு அண்டாது என்று முடிவு கட்டி விடக் கூடாது. அப்படிச் சொல்லி விற்பவர்கள் எந்த நாட்டிலும் உண்டு.

சாம்பல் சத்து மண்ணில் செய்யும் காவலை மனித வயிற்றில் செய்வதில்லை. உடம்பு தன் சாம்பல் சத்தைத் தானே ஓர் அளவில் நிறுத்திக் கொள்கிறது. வாழைப்பழத்தைச் சீப்புச் சீப்பாகத் தின்றாலும் சீசியம் ஓடி விடாது. அயோடின் மாத்திரை அயோடின்-131 ஒன்றுக்கு மட்டுமே எதிரானது. நஞ்சு பரவுவதற்குச் சற்று முன்போ, பரவிய சில மணி நேரத்துக்குள்ளோ கொடுத்தால்தான் பலன். ஒரு நாள் கழித்துக் கொடுத்தால் நன்மையைவிடத் தீமையே அதிகமாகலாம். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு அதனால் பலன் குறைவு. எக்ஸ்ரே போல் வெளியிலிருந்து பாயும் கதிரை எந்தத் தாதுச் சத்தும் உடம்புக்குள் இருந்து கொண்டு தடுத்து நிறுத்தாது. செலினியம், துத்தநாகம் ஆகியவை ஆய்வுக்கூட எலிகளிடம் ஓரளவு நற்பலன் காட்டியதுண்டு. அதைக் கொண்டு மக்களுக்கு மருந்தென்று விற்பது முறையாகாது.

2011-ல் புகுஷிமா விபத்தின்போது சீனாவில் மக்கள் கடைகளில் முண்டியடித்து அயோடின் உப்பை வாங்கிக் குவித்தார்கள். தைராய்டு சுரப்பியைக் காக்கும் அளவு அயோடின் வேண்டுமானால் உப்பைக் கிலோக் கணக்கில் தின்ன வேண்டும். நஞ்சுக்கு முன்னால் உப்பே ஆளைக் கொன்று விடும். புண்ணுக்குப் போடும் டிங்சர் அயோடினைக் குடிப்பதும் அவ்வாறே உயிருக்கு உலை வைக்கும். அயோடின் உப்பின் பெருமை ஆபத்து நாளில் அள்ளித் தின்பதில் இல்லை. நாள்தோறும் சமையலில் சேர்ந்து, சுரப்பியைப் பசியில்லாமல் வைத்திருப்பதில் இருக்கிறது. கடைசி நேரத்து வாளி நீரைவிட, தொடர்ந்து பாய்ந்த வாய்க்கால் நீரே பயிரைக் காக்கும்.

பணம் நின்றபோது

இந்த அனுபவங்களில் எல்லோரும் படிக்க வேண்டிய பகுதி கடைசியில் வருகிறது. சோவியத் நாடு 1991-ல் கலைந்தது. அதன் பிறகு ரஷ்யாவிலும் உக்ரைனிலும் பாதிக்கப்பட்ட நிலங்களுக்கு அரசு கொடுத்து வந்த உரமும் சுண்ணாம்பும் பணமில்லாமல் சுருங்கின. வேகமாகக் குறைந்து வந்த நஞ்சின் அளவு அதன் பிறகு மெதுவாகவே குறைந்தது. சாம்பல் சத்து ஒரு முறை இட்டு மறந்து விடக் கூடிய சரக்கு அன்று. பயிர் எடுத்துக் கொள்ளும். மழை அரித்துச் செல்லும். ஆண்டுதோறும் இட வேண்டும்.

ரிவ்னே மாநிலக் கிராமங்களில் 2011 முதல் 2016 வரை பாலைச் சோதித்த விஞ்ஞானிகள் 2018-ல் தங்கள் முடிவை வெளியிட்டனர். 14 ஊர்களில் 6 ஊர்களின் பால், பெரியவர்களுக்கு உக்ரைன் விதித்த லிட்டருக்கு 100 பெக்கரல் என்ற வரம்பைத் தாண்டியிருந்தது. குழந்தைகளுக்கான 40 பெக்கரல் வரம்பைத் தாண்டியவை 8 ஊர்கள். சில இடங்களில் பெரியவர்களுக்கான வரம்பைப் போல் ஐந்து மடங்கு. ஒன்றும் செய்யாமல் விட்டால் 2040 வரையிலும் இந்த நிலை நீடிக்கும் என்று கணக்கிட்டனர். மாட்டுக்கு நீல மருந்து, உருளைக் கிழங்கு நிலத்துக்குக் கூடுதல் உரம், பன்றிக்குச் சுத்தமான தீவனம் ஆகிய மூன்றும் கொடுத்தால், சுமார் 8,300 பேரைக் காக்க ஆளுக்கு ஆண்டுக்கு 10 யூரோவுக்கும் குறைவாகத்தான் செலவாகும் என்றும் கூறினர்.

அந்தச் சிறு தொகை ஏன் கொடுபடவில்லை? அங்கே பால் கறந்து குடிப்பவர்கள் ஒன்றிரண்டு பசு வைத்திருக்கும் ஏழைக் குடியானவர்கள். அவர்கள் பால் சந்தைக்குப் போவதில்லை. வீட்டுக் குழந்தைக்கே போகிறது. பெரிய பண்ணைகளின் பாலைச் சோதனைச் சாலை கவனிக்கும். கொல்லைப்புறத்துப் பசுவின் பால் யார் கண்ணிலும் படாது. நஞ்சு எல்லோருக்கும் பொதுவாக விழுந்தாலும், தங்கள் நிலத்தில் விளைந்ததையே உண்டு வாழும் சிறு விவசாயிக் குடும்பத்தில்தான் அது அதிக நாள் தங்குகிறது.

“உரம் இட்டால் விளைச்சலும் கூடுகிறதே, செலவை விவசாயியே ஏற்கட்டும்” என்று வாதிடுவோர் உண்டு. விளைச்சல் கூடுவது மெய்தான். ஆனால் அவன் நிலத்தைக் கெடுத்தது அவன் அல்ல. ஒரு வயலின் மண் சுத்தமானால், அதில் விளைவதை உண்ணும் ஊரெல்லாம் பிழைக்கிறது. ஆற்றங்கரையைப் பலப்படுத்தும் செலவைக் கரையோரத்து நிலக்காரனிடம் வசூலிப்பதில்லை. இதுவும் அதைப் போன்ற பொதுக் காரியமே. ஜப்பானில் வென்றதற்கும் ரிவ்னேயில் தேங்கியதற்கும் காரணம் விஞ்ஞானத்தில் உள்ள வேறுபாடு அன்று. தொடர்ந்து செய்ததும் பாதியில் விட்டதுமே.

தமிழ்நாட்டில் செய்யத் தக்கது

தமிழ்நாட்டில் கல்பாக்கத்தில் 1983-லும் கூடங்குளத்தில் 2013-லும் முதல் அணு உலைகள் இயங்கத் தொடங்கின. விபத்து வந்து விடும் என்று பயமுறுத்துவது வேறு. வீட்டுக்கு இடிதாங்கி வைப்பது வேறு. அணுமின் நிலைய அவசரத் திட்டங்களில் மக்களை வெளியேற்றுவதும் அயோடின் மாத்திரை கொடுப்பதும் இடம் பெறுகின்றன. மண்ணும் மாடும் அவற்றோடு சேர்த்துப் பேசப்பட வேண்டும்.

சுற்று வட்டாரக் கிராமங்களின் மண்ணில் சாம்பல் சத்து எவ்வளவு என்ற விவரம் வேளாண்மைத் துறையிடமும் ஊராட்சியிடமும் தயாராக இருக்க வேண்டும். கடலோர மணற்பாங்கான நிலத்தில் சாம்பல் சத்து தங்குவதில்லை என்பதால் அங்கே கவனம் இரு மடங்கு தேவை. பசுந்தீவனத்தை நிறுத்த நேர்ந்தால் மாடுகளுக்கு உலர்தீவனம் எங்கிருந்து வரும், பாலை யார் வாங்கிச் சோதிப்பார்கள் என்பதும் முன்னதாகவே எழுதி வைக்கப்பட வேண்டும். பொட்டாஷ் உரம் ஏறக்குறைய முழுவதும் வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகிறது. விலை ஏறும்போது சிறு விவசாயி முதலில் நிறுத்துவது அதைத்தான். ஆகவே அதன் விலையைக் கட்டுக்குள் வைப்பதும் பாதுகாப்புக் காரியமே.

விவசாயி செய்யத் தக்கவையும் சில உண்டு. மண் பரிசோதனை செய்து, முடிவில் கண்டபடி சாம்பல் சத்து இடுவது. வைக்கோலும் எருவும் வயலுக்குத் திரும்ப வழி செய்வது. நீலகிரி, கன்னியாகுமரி போன்ற இடங்களின் அமில மண்ணுக்குச் சிபாரிசுப்படி சுண்ணாம்பு இடுவது. களர் நிலத்துக்கு அது ஆகாது. மாட்டுக்குத் தாது உப்பும், வீட்டுக்கு அயோடின் சேர்ந்த உப்பும் தவறாமல் வாங்குவது.

இவற்றில் எதுவும் வீண் செலவில்லை. அணு விபத்து ஒருபோதும் வராவிட்டால், நெல் மணி திரண்டிருக்கும், தென்னை நிறையக் காய்த்திருக்கும், பசு கூடுதலாகக் கறந்திருக்கும், பிள்ளைகளுக்கு முன்கழுத்துக் கழலை வந்திராது. வந்து விட்டாலோ, நிறைந்த மண் வாசலை அடைத்துக் கொண்டு நிற்கும்.